சீனிக் கப்பல் நாட்களில் பாப்பாவின் எடை

என் வயதுக்காரர்களே, இப்போதெல்லாம் பிள்ளை பிறந்ததுமே மருத்துவமனையில் எடை பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். செங்காங்கில் என் மகள் வீட்டில்கூட அதற்கென்று ஒரு தட்டு வைத்திருக்கிறாள். குழந்தையைக் கிடத்தினால் சிவப்பு எண் வருகிறது. அந்த எண்ணைக் கேட்டு யாரும் யாரையும் அடிப்பதில்லை. நம் காலத்தில் பிள்ளையை எடை போட்டது பெரியவர்களின் கை. எடை போட்ட கையே அடிக்கவும் செய்தது. இதை நம் பேரப்பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்கிறேன். நடுவில் ரத்தம் வரும். நடந்ததும் அப்படித்தான்.

தேக்காச் சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தோம். கீழே மாவு மில், மேலே பலகைத் தடுப்பு வைத்த அறைகள். ஓர் அறையில் எவனாவது தும்மினால் அடுத்த அறையில் ‘நூறு வயசு’ என்பார்கள். அடித்தாலும் கேட்கும். அதற்கு மட்டும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சந்தில் அடிதடி தினம் உண்டு. குழாயடியில் பெண்கள் முடியைப் பிடித்துக்கொள்வார்கள். தெருமுனையில் பச்சை குத்திய பையன்கள் சோடா பாட்டிலை உடைத்துக்கொண்டு ஓடுவார்கள். மறுநாள் காலையில் கண்ணாடித் தூளைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போவோம்.

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அவருடைய அக்கா, அதாவது என் அத்தை, எங்கள் மாடியிலேயே முன்னறையில் இருந்தார். அத்தையின் கைதான் எங்கள் சந்துக்கே தராசு. யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் அத்தையிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். அத்தை தன் இடுப்பில் இருக்கும் மகனைக் கீழே இறக்கிவிடுவார். வந்த பிள்ளையின் அக்குளில் கை கொடுத்து மார்பளவு தூக்கி, லேசாக ஒரு குலுக்குக் குலுக்குவார். வளையல்கள் முழங்கை வரை சரியும். பிறகு ஒரே ஒரு சொல். ‘கல்லு’ என்றால் தாய்க்காரி சிரித்துக்கொண்டே போவாள். ‘பஞ்சு’ என்றால் அழுதுகொண்டு போவாள்.

அத்தை மகனை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒன்றரை வயதில் மூன்று வயதுப் பிள்ளை போல இருப்பான். தொடையில் மடிப்பு மடிப்பாகச் சதை. காலையிலிருந்து மாலை வரை அவனைத்தான் இடுப்பில் சுமப்பார் அத்தை. அவனை இறக்கிய அதே கையால்தான் மற்றப் பிள்ளைகளைத் தூக்கினார். இதில் என்ன இருக்கிறது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

எனக்குப் பிறகு ஒரு தம்பி பிறந்தான். அவனை அத்தை தூக்கிப் பார்த்து, ‘பஞ்சு’ என்றார். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து தம்பி போய்விட்டான். சந்தில் பல பிள்ளைகளுக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. ஆனால் பிணத்தைத் தூக்கும்போது அத்தை எல்லார் முன்னாலும் சொன்னார்: “நான் அன்னிக்கே சொன்னேன். இவ கேக்கலை. பிள்ளைக்குப் பால் குடுக்காம பட்டினி போட்டுட்டா.” அதிலிருந்து அத்தையின் சொல் எங்கள் வீட்டில் வேதவாக்கு ஆகிவிட்டது.

பிறகு பாப்பா பிறந்தாள். என் தங்கை.

அப்பாவின் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீனி மூட்டை, சிமெண்டு மூட்டை, கொப்பரை மூட்டை என்று எது வந்தாலும் பிடரியில் வாங்கிப் பலகைமேல் ஓடுவார். வீட்டுக்கு வரும்போதே அன்று என்ன சரக்கு என்று எனக்குத் தெரிந்துவிடும். சிமெண்டு நாளில் புருவம் நரைத்திருக்கும். கொப்பரை நாளில் எண்ணெய்ச் சிக்கு நாறும். சீனி நாளில் வியர்வையோடு சீனி கரைந்து கழுத்தெல்லாம் பாகாக ஒட்டும். அவர் கழற்றிப் போட்ட பனியனுக்கு எறும்பு வரிசையாக வரும். சீனி மூட்டைதான் எல்லாவற்றையும்விடப் பெரியது, கனமானது.

சீனி நாளில் எங்கள் வீட்டில் அடி விழும். அது ஏன் என்று எனக்குத் தெரியாது. ஆனால் எறும்பைக் கண்டதும் மூலையில் போய் ஒதுங்கிவிடுவேன்.

அப்பா வருவார். கையை மட்டும் கழுவிக்கொண்டு பாப்பாவைத் தூக்குவார். முகம் மாறும்.

“என்ன இது? ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு? நேத்து இருந்தது எங்க போச்சு?”

“நல்லாத்தாங்க குடிக்கிறா. இப்பகூட…”

“பால் குடுத்தியா, இல்ல குழாயடியில கதை பேசிட்டு இருந்தியா?”

“உங்க பிள்ளை மேல சத்தியமா குடுத்தேங்க.”

சத்தியம் முடிவதற்குள் அறை விழும். அம்மா பலகைத் தடுப்பில் மோதுவார். அடுத்த அறையில் விளக்கு அணையும். ஒரு நாள் அம்மாவின் காதுத் தோடு திருகோடு பிய்ந்து வந்துவிட்டது. நான் அதைப் பாய்க்கு அடியில் தேடிக்கொண்டிருந்தேன். காதிலிருந்து ரத்தம் சொட்டியபடி அம்மா பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். முன்னறையிலிருந்து அத்தையின் குரல் வந்தது: “அடி வாங்கினாத்தான் பால் ஊறும்னா வாங்கட்டும்.”

கப்பல் இல்லாத நாட்களும் உண்டு. அப்பா மதியம் வரை தூங்கி எழுந்து, பாப்பாவைத் தூக்கி, “அடி குண்டுப் பொண்ணே!” என்று கொஞ்சுவார். அம்மாவும் சிரிப்பார். பாப்பா ஒரே பாப்பாதான். செவ்வாய்க்கிழமை மெலிந்தவள் புதன்கிழமை எப்படிக் குண்டானாள் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. அத்தை மட்டும் காரணம் சொல்வார்: “வீட்டுல ஆம்பளை இருக்கிற அன்னிக்கு மட்டும் ஒழுங்கா குடுக்கிறா. கள்ளி.”

மாதத்துக்கு ஒருமுறை வெள்ளை உடுப்புப் போட்ட மிஸ்ஸி வீடு வீடாக வருவார். நர்ஸை நாம் அப்படித்தானே சொல்வோம்? மலாய்க்காரர். எங்கள் தமிழும் கொஞ்சம் பேசுவார். ஒரு துணித் தூளியில் பிள்ளையைப் போட்டு, சுருள்வில் தராசில் மாட்டித் தூக்குவார். அந்த மாதம் அவர் வந்தபோது அப்பா வீட்டில் இருந்தார். முகத்தில் பாகு காயவில்லை.

மிஸ்ஸி தராசைப் பார்த்துவிட்டு, “பாகுஸ்! ரொம்ப நல்லா இருக்கு லா. போன மாசத்தைவிட ஏறியிருக்கு” என்றார்.

அம்மா அப்பாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த ஆசையை இப்போது நினைத்தாலும் என்னால் தாங்க முடியவில்லை.

அப்பா பாப்பாவைத் தூளியிலிருந்து எடுத்தார். கையில் ஏந்தினார். “இது ஏறியிருக்கா? மிஸ்ஸி, உங்க தராசைக் கொண்டுபோய்க் கடல்ல போடுங்க.”

“ஐயா, தராசு பொய் சொல்லாது லா.”

“தராசுதான் பொய் சொல்லும். எங்ககிட்ட வந்து கேளுங்க.”

அப்பாவின் இந்தப் பேச்சுக்கு ஒரு காரணம் உண்டு. கிடங்கில் மூட்டையின் எடையை வைத்துத்தான் கூலி. அங்கே ஒரு கணக்கர் தராசின் முள்ளை மாற்றி வைத்து, கனமான மூட்டையை லேசு என்று எழுதினார். கழுத்தில் வாங்கியவர்களுக்கு உண்மை தெரியாதா? அப்பா அந்தத் தராசை எட்டி உதைத்தார். தடுக்க வந்த கணக்கருக்கு இரண்டு பற்கள் போயின. பிறகு வேறு தராசு கொண்டுவந்து நிறுத்துப் பார்த்தபோது அப்பா சொன்னதுதான் சரி என்று ஆயிற்று. மண்டோர், அதாவது அவர்களின் மேஸ்திரி, எல்லார் முன்னாலும் அப்பாவின் கையைப் பிடித்து உயர்த்தினாராம். அன்றிலிருந்து அப்பாவுக்கு ஒரு நம்பிக்கை: தராசு பொய் சொல்லும், கழுத்தும் கையும் பொய் சொல்லாது.

ஒருமுறை சரியாகச் சொன்ன கை எப்போதும் சரியாகத்தான் சொல்லும் என்று அவர் நினைத்தார். அத்தையும் அப்படித்தான் நினைத்தார். இருவரையும் கெடுத்தது அந்த ஒருமுறைதான்.

மிஸ்ஸி படி இறங்கும் வரை காத்திருந்து, “தராசுக்காரிக்கு என்னடி குடுத்தே?” என்று அப்பா அம்மாவின் முடியைப் பிடித்தார். அதற்கு மேல் எழுத வேண்டாம்.

அந்தச் சமயத்தில்தான் அத்தை வீட்டுக்காரருக்குக் குவீன்ஸ்டவுனில் ஃபிளாட் கிடைத்தது. அவரை நான் மாமா என்பேன். பஸ் ஓட்டினார். அதிகம் பேச மாட்டார். மூன்றாவது மாடியில் வீடு, வீட்டுக்குள்ளேயே குழாய், கக்கூஸ். சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அத்தை கடைசியாக எங்கள் அறைக்கு வந்தார். மகனை இறக்கினார். பாப்பாவைத் தூக்கினார். குலுக்கினார்.

“பஞ்சு” என்றார். பிறகு அப்பாவிடம், “தம்பி, இன்னொரு பிள்ளையையும் குழியில வைக்கப் போறியா? என்கிட்ட குடு. எனக்கு இன்னும் பால் இருக்கு. நான் வளக்கிறேன்.”

அப்பா யோசிக்கவே இல்லை. “எடுத்துட்டுப் போக்கா.”

அம்மா பாய்ந்து பாப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டார். அத்தை தோளைப் பிடித்திருந்தார். பாப்பா வீறிட்டாள். குழந்தையைப் பிய்த்துவிடுவார்களோ என்று நான் அலறினேன். அப்பா அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பின்னால் முறுக்கினார். காய்ந்த பிரம்பு ஒடிவது போல ஒரு சத்தம். அம்மா கத்தவில்லை. கை தானாக விட்டுவிட்டது. அந்தக் கையைப் பார்த்தேன். அது மணிக்கட்டில் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

லாரி கிளம்பும்போது மாமா மட்டும் இறங்கி வந்து, “தங்கச்சி, ஆஸ்பத்திரிக்குப் போம்மா” என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

பாப்பா இல்லாத வீட்டை எப்படிச் சொல்வது? அம்மாவின் ரவிக்கை முன்பக்கம் எப்போதும் ஈரமாக இருந்தது. கட்டுப் போட்ட கையோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். பக்கத்து அறைக் குழந்தை அழுதால் ஈரம் பெரிதாகும். அது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. தண்ணீர் கொட்டிக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். நான்தான் குழாயிலிருந்து வாளி சுமந்தேன், நான்தான் சோறு வடித்தேன்.

மழை விடாமல் பெய்தது. எங்கள் அறைக் கூரை ஒழுகியது. உத்தரத்தின் மேல் ஒரு தகரக் குவளையை வைத்திருந்தோம். அது நிறைந்தால் அப்பா என்னை இடுப்பில் பிடித்து மேலே தூக்குவார். நான் குவளையை மாற்றி வைப்பேன்.

சீனி நாள் ஒன்றில் தூக்கினார். என் தலை ஓட்டில் இடிக்கப் பார்த்தது.

“என்னடா, காத்தாடி மாதிரி போறே? ஏ, இவனையும் பட்டினி போடறியா?” காலை நீட்டி அம்மாவை ஓர் உதை விட்டார்.

அடுத்த நாள் கப்பல் இல்லை. மதியம் தூங்கி எழுந்து தூக்கினார். “அப்பா! எருமைக்குட்டிடா நீ. என்ன தின்னே?”

அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர் திரும்பினார். அப்பா வெளியே போனதும் என்னைக் கூப்பிட்டார்.

“ராசா, நேத்து நீ என்ன சாப்பிட்டே?”

“ரசஞ்சோறு.”

“இன்னிக்கு?”

“அதே ரசஞ்சோறுதான்.”

“நேத்து காத்தாடி. இன்னிக்கு எருமைக்குட்டி.” அம்மா அதை இரண்டு மூன்று முறை வாய்க்குள் சொல்லிக்கொண்டார். பிறகு அடுப்படிக்குப் போய், அம்மிக்குழவியை நல்ல கையால் எடுத்துப் பிடித்தபடி நின்றார். கை நடுங்கும் வரை நின்றார். கீழே வைத்துவிட்டு உடனே ஒரு பூசணிக்காயைத் தூக்கினார். கை தானாக மேலே போயிற்று. பூசணிக்காயை இறக்கினார். சற்று நேரம் கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு சும்மா இருந்த அந்தக் கையால் அதே பூசணிக்காயைத் தூக்கினார். இந்தத் தடவை கை மேலே போகவில்லை.

“நீ தூக்குடா. முதல்ல குழவி. பின்னாடி இது.”

தூக்கினேன். பூசணிக்காய்க்குள் ஒன்றுமே இல்லாதது போல இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது.

“பாவி மனுஷன்” என்றார். “மூட்டையை வச்சு என் பிள்ளையை நிறுத்திருக்கான்.”

பிள்ளைகளே, நீங்களும் செய்து பாருங்கள். இரண்டு கையிலும் தண்ணீர் வாளியைச் சற்று நேரம் பிடித்துவிட்டு, உங்கள் பள்ளிப் பையைத் தூக்குங்கள். பை இளைத்துப் போயிருக்கும். நம் கைக்கு ராத்தலும் தெரியாது, கிலோவும் தெரியாது. முன்னே தூக்கியதைவிடக் கூடுதலா குறைவா என்பது மட்டும்தான் தெரியும். அப்பா சீனி மூட்டைக்குப் பக்கத்தில் பாப்பாவை வைத்துப் பார்த்தார். அத்தை தன் மகனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அந்த இரண்டுக்கும் பக்கத்தில் எந்தக் கைக்குழந்தைதான் பஞ்சாக இருக்காது?

“அப்பாகிட்ட சொல்லலாம்மா” என்றேன்.

“சொன்னா பல்லு போகும். தராசே தோத்துப் போச்சு, நான் சொல்லி நம்பப் போறாரா? அவர் வாயாலயே வரணும்.”

அத்தை மகனுக்கு இரண்டாவது பிறந்தநாள் வந்தது. ஃபிளாட்டில் விருந்து. எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். வரும்போது ஆட்டுக்கல்லைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் அத்தை. வீடு மாறிய அன்று லாரியில் இடமில்லாமல் அது எங்கள் அடுப்படியிலேயே நின்றுவிட்டது. அப்பா, ‘பிறகு பார்க்கலாம்’ என்றுதான் சொல்லி வந்தார். அன்று காலையில் அம்மா, “உங்க அக்கா கேட்டு எத்தனை நாளாச்சு? இன்னிக்கே கொண்டுபோவோம்” என்றார். அக்கா பேச்சு என்றதும் அப்பா சரி என்றார்.

சாயங்காலம் கூலியாட்களை ஏற்றிவரும் கங்காணி லாரி அப்பாவைச் சந்து முனையில் இறக்கியது. சீனிக் கப்பல். கழுத்தில் பாகு மின்னியது. லாரி மேற்குப் பக்கம் போவதால் எங்களையும் கல்லையும் குவீன்ஸ்டவுனில் விட ஓட்டுநர் ஒத்துக்கொண்டார்.

“குளிச்சிட்டு வரேன்” என்றார் அப்பா.

“லாரி நிக்காதுங்க. சட்டை எடுத்து வச்சிருக்கேன். மேல போட்டுக்குங்க” என்றார் அம்மா.

ஃபிளாட்டின் கீழே இறங்கினோம். அப்பா ஆட்டுக்கல்லைப் பிடரியில் ஏற்றிக்கொண்டார். நான் அதன் குழவியை வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினேன். அப்பா நிற்கவே இல்லை. எல்லா மாடிக்காரர்களும் கதவைத் திறந்து பார்த்தார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது. அம்மா அவருக்குப் பின்னாலேயே, ஒட்டி ஒட்டி ஏறினார்.

உள்ளே பலூன் கட்டியிருந்தார்கள். மாமாவின் பஸ் கூட்டாளிகள், பக்கத்து வீட்டுக்காரர்கள், எல்லார் கையிலும் பாயசம். மூலையில் ஒரு தொட்டில். அதைப் பார்த்ததும் அம்மா ஒரு நொடி நின்றுவிட்டார். ஆனால் அங்கே போகவில்லை. நேராக அத்தையிடம் போய், புதுச் சட்டையில் இருந்த மகனை நல்ல கையால் வாங்கிக்கொண்டார்.

அப்பா கல்லை அடுப்படியில் தொப்பென்று இறக்கி நிமிர்ந்தார். கையை உதறக்கூட அம்மா விடவில்லை. “இந்தாங்க, மருமகனை ஆசீர்வாதம் பண்ணுங்க” என்று குழந்தையை அவர் கையில் வைத்துவிட்டார்.

அப்பா அவனைத் தூக்கினார். முகம் மாறியது. எனக்குத் தெரிந்த மாற்றம்தான்.

“என்னக்கா இது? பிள்ளை இப்படி இளைச்சுட்டான்?”

அத்தை சிரித்தார். “என்னடா உளர்றே? காலையிலதான் கல்லு மாதிரி இருக்கான்னு எல்லாரும் சொன்னாங்க.”

“யார் சொன்னா? காத்தாட்டம் இருக்கான்க்கா. தூக்கினதே தெரியலை. பால் குடுக்கிறியா இல்லையா?”

மாமா எழுந்து வந்தார். “மச்சான், விருந்து நடக்குது. பேசாம உக்காரு.”

“இல்ல அத்தான், என் கை பொய் சொல்லாது. இவனுக்கு யாரோ சோறு போடலை.”

“என் பிள்ளைக்கு நான் சோறு போடலைன்னு என் வீட்டுல வந்து சொல்றியா?”

“ஆமா. கை சொல்லுது.”

மாமா அவனை வாங்கி அத்தையிடம் கொடுத்துவிட்டு அடித்தார். அதிகம் பேசாதவரின் அடி அது. அப்பாவின் மூக்கு உடைந்தது. அப்பா பாயசக் குண்டானை எடுத்து மாமாவின் தலையில் வீசினார். சுடச்சுடப் பாயசம். மாமா அலறினார். பஸ்காரர்கள் அப்பாவைச் சூழ்ந்துகொண்டார்கள். நாற்காலி உடைந்தது. யாரோ உடைந்த காலை எடுத்து அப்பாவின் முதுகில் போட்டார்கள். தரையெல்லாம் ஜவ்வரிசியும் ரத்தமும் வழுக்கின. பலூன் ஒன்று வெடித்ததும் பெண்கள் துப்பாக்கி என்று நினைத்துக் கத்தினார்கள். அப்பா கீழே கிடந்தபடியும் விடவில்லை. “இளைச்சிருக்கான்! இளைச்சிருக்கான்!” என்றுதான் கத்தினார்.

அத்தை மகனை இடுக்கிக்கொண்டு, “கூட்டிட்டுப் போடி உன் புருஷனை! நாக்கு அழுகிப் போகும் அவனுக்கு! என் கையால வளத்த பிள்ளைடா இது!” என்று கதறினார்.

அம்மா அவர் எதிரில் போய் நின்றார். குரலை உயர்த்தவில்லை. “அவர் நாக்கு இல்ல அண்ணி, கை. அந்தக் கையை நம்பித்தானே என் பிள்ளையைத் தூக்கிட்டு வந்தீங்க? அது பொய்யினா என் பிள்ளையைக் குடுங்க. நிஜம்னா, பட்டினி போடற வீட்டுல என் பிள்ளை எதுக்கு?”

அத்தை இடுப்பில் இருந்த மகனைப் பார்த்தார், தொட்டிலைப் பார்த்தார்.

மாமா சமையலறைக் குழாயில் தலையைக் காட்டிக்கொண்டே சொன்னார்: “எடுத்துட்டுப் போம்மா. பெத்தவ நீ.”

அம்மாவின் ஒரு கை இன்னும் சரியாகவில்லை. “நீ தூக்குடா” என்றார் என்னிடம். அதுவரை வயிற்றோடு அணைத்திருந்த குழவியை அப்போதுதான் இறக்கி வைத்தேன். தொட்டிலில் குனிந்து பாப்பாவைத் தூக்கினேன்.

அவளிடம் எடையே இல்லை.

பூசணிக்காய் வித்தை எனக்குத் தெரியும். அம்மா காட்டி, நானே தூக்கிப் பார்த்துச் சிரித்தவன். இருந்தும் நிஜமாகவே இளைத்துவிட்டாளோ, தம்பி மாதிரி போய்விடுவாளோ என்று அவள் விலாவைத் தடவிப் பார்த்தேன். தெரிந்தவனையும் கை ஏமாற்றுகிறது என்பதை அந்தப் படிகளில் இறங்கும்போதுதான் அறிந்தேன். எதுவும் தெரியாத அப்பாவைப் பற்றி இந்த வயதில் நான் கொஞ்சம் இரங்குவது அதனால்தான். மன்னிக்க இன்னும் முடியவில்லை.

அப்பா எங்களுக்குப் பின்னால் தடுமாறி இறங்கி வந்தார். சட்டை கிழிந்து, மூக்கைத் துண்டால் பொத்தியிருந்தார். பஸ் நிறுத்தம் தொலைவில் இருந்தது. புதிதாகப் போட்ட சாலை, செம்மண், மரமே இல்லை. பாதி வழியில் அப்பா எட்டி நடந்து என் பக்கம் வந்து, பாப்பாவுக்காக இரண்டு கையையும் நீட்டினார்.

அம்மா நடுவில் வந்து நின்றார்.

“கையைக் கீழ போடுங்க.”

“பாத்துட்டுத் தரேன். எடை இருக்கான்னு…”

“உங்க கை இன்னும் கல்லைத்தான் தூக்கிட்டு இருக்கு. கீழ போடுங்க. அவ எடையை இனிமே நீங்க சொல்லக் கூடாது.”

அவர் அம்மாவை அடிப்பார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் வரவில்லை. திறந்து பார்த்தபோது அப்பா தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவற்றில் சீனியும் ரத்தமும் ஒட்டியிருந்தன. அதற்குப் பிறகு அவர் அடிக்கவே இல்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். அடித்தார். வேறு வேறு காரணங்களுக்கு அடித்தார். பாப்பாவின் எடையைச் சொல்லி மட்டும் அடிக்கவில்லை.

நடந்தோம். அப்பா பின்தங்கிவிட்டார். பாப்பா என் தோளில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். நிறுத்தம் கண்ணுக்குத் தெரிந்தபோது என் தோள் வலிக்கத் தொடங்கியது. பிறகு முழங்கை. பிறகு இடுப்பு. அவளை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மாற்றிப் பார்த்தேன். கொஞ்ச தூரம் போவதற்குள் அந்தப் பக்கமும் வலித்தது.

“அம்மா” என்றேன். “பாப்பா கனக்கிறா.”

அம்மா சட்டென்று நின்றுவிட்டார். அத்தனை அடி வாங்கியும், கை ஒடிந்தும் அழாத அம்மாவின் உதடு துடித்தது.

“இன்னொரு தரம் சொல்லு” என்றார்.

“ரொம்பக் கனக்கிறாம்மா.”